படித்துக் காட்டக் கேட்டு

உட்காருங்கள், தம்பி. பார்வையாளர் நேரம் தொடங்க இன்னும் முக்கால் மணி இருக்கிறது. நீங்கள் நிற்கிறீர்கள் என்பதற்காக அந்தக் கதவு முன்னதாகத் திறக்கப் போவதில்லை. இந்தப் பக்கம் வாருங்கள். அந்த ஓரத்தில் ஓர் ஆணி தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. முதல் நாளே என் வேட்டியைக் கிழித்துவிட்டது.

உள்ளே இருப்பது உங்கள் தங்கையா? பிள்ளை பெற்ற பிறகு வந்த மனச்சோர்வா? கவலைப்படாதீர்கள். இங்குள்ள டாக்டரம்மா பொறுமைசாலி. நான் ஆறு நாளாகப் பார்க்கிறேன், ஒருவரையும் அதட்டி நான் கேட்டதில்லை.

நானா? நான் ரோஷிணி என்ற பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறேன். வயது பத்தொன்பது. திருநங்கை. எனக்கு உறவு அல்ல. அவள் தங்கியிருந்த காப்பகத்தில் நான் எழுத்து வேலை பார்ப்பவன். ஆறு நாளாக என் பெயரைச் சொல்லி அனுப்புகிறேன். ஆறு நாளும் வேண்டாம் என்றே பதில் வருகிறது. அதையும் அவள் வாயால் சொல்வதில்லையாம், தலையை மட்டும் அசைக்கிறாளாம். வந்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. யாரையாவது அருகில் வரச் சொல்லி அவளே கேட்டால் அதுதான் முதல் நல்ல அறிகுறி என்று டாக்டரம்மா சொல்கிறார். அந்த யாராவது நானாக இருக்க வேண்டும் என்பதில்லை. இருந்தாலும் வருகிறேன்.

இதில் என் மேல் குற்றம் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள், தம்பி. நீங்கள் வெளி ஆள். முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் அருணகிரி. முப்பத்தோராண்டு நீதிமன்றத்தில் வேலை. சாட்சி சொல்வதை எழுதுவது, எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுவது, கையெழுத்து வாங்குவது. ஒரே ஆள் இரண்டு நாளில் இரண்டு விதமாகச் சொன்னால், மாறுபட்ட இடத்தின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு வைப்பேன். யாரும் கேட்டுக்கொண்டு செய்ததில்லை, நானாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். நீதிபதிகள் பாராட்டியிருக்கிறார்கள். எந்தச் சாட்சி எதை எந்த நாளில் சொன்னார் என்பதை நான் தாளைப் பார்க்காமலே சொல்வேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம் என் மனைவி காலமானார். காலைச் சாப்பாட்டுக்கு உறையூரில் ஓர் இட்லிக் கடைக்குப் போகத் தொடங்கினேன். கடையை நடத்துவது பவளம் அம்மா. அவரும் திருநங்கைதான், ஐம்பதைத் தாண்டியவர். கடைக்கு மேலே மாடியை வாடகைக்கு எடுத்து, வீட்டார் துரத்திவிட்ட பிள்ளைகளைத் தங்க வைத்திருந்தார். அப்போது ஏழு பேர், பிறகு ஒன்பது பேர். பேருந்து நிலையத்தில், ரயில் நிலையத்தில், பூட்டிய கடை வாசலில் படுத்துக் கிடந்த பிள்ளைகள். வாரம் ஒரு நாள் மனநல ஆலோசகர் ஒருவர் வந்து அவர்களோடு பேசிவிட்டுப் போவார்.

ஒரு நாள் அடையாள அட்டைக்கு மனு எழுதித் தரும்படி பவளம் என்னைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். என் எதிரிலேயே சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயா பேசினாலே ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். எழுதினா அதுக்கும் மேல. இதைக் குடுத்தா ஆபீசர் எந்திரிச்சு நின்னுதான் வாங்குவான்."

அன்றிலிருந்து அந்த மாடியில் எனக்கு ஒரு மேசை, ஒரு பதிவேடு. பிள்ளைகள் என்னை 'கோர்ட்டு ஐயா' என்பார்கள்.

ரோஷிணி வந்தது தை மாதம். பேருந்து நிலையத்தில் நாலு மாதம் இருந்திருக்கிறாள். வந்த புதிதில் அவள் படுக்கவே மாட்டாள், தம்பி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருப்பாள், காலில் செருப்பு போட்டபடியே. யாராவது எழுப்பி விரட்டினால் உடனே ஓட வேண்டும் அல்லவா, அந்தப் பழக்கம். பவளம் அவளிடம் எதுவும் விசாரிக்கவில்லை. நான் காரணம் கேட்டேன்.

"இங்க வர்ற புள்ளைங்க கிட்ட நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான் ஐயா. சாப்டியா? அவ்வளவுதான். மிச்சத்தை அவுங்களுக்குத் தோணுறப்ப சொல்வாங்க. தோணலைன்னா விடுங்க."

எனக்கு அது முறையாகப் படவில்லை. பதிவேடு என்று ஒன்று இருந்தால் அதில் விவரம் இருக்க வேண்டும். எழுதாமல் விட்டது நடக்காததற்குச் சமம். ஆகவே ஒரு நாள், மாலை நாலு மணி டீ நேரத்தில், வீட்டை விட்டு வந்த விதத்தைச் சொல்லும்படி நான்தான் அவளைக் கேட்டேன். கடுமையாகக் கேட்கவில்லை. நான் யாரையும் கடிந்து பேசுகிறவன் அல்லன்.

சொன்னாள். மணப்பாறைக்கு அப்பால் ஒரு கிராமம். ஒரு நாள் இவள் தங்கையின் பாவாடையை உடுத்தியிருந்ததைப் பார்த்து அப்பா அடித்து வெளியே தள்ளினார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதுதான் முதல் வாக்குமூலம். தை இருபத்தொன்று. எழுதிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, இன்னொரு பிள்ளையிடம் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என் மேசைக்குக் கேட்டது. இந்த முறை அம்மா ஜன்னலில் இல்லை. தெருமுனை வரை வந்து, ஒரு மஞ்சள் பையில் இரண்டு உடுப்பை வைத்துக் கொடுத்திருக்கிறாள். பதிவேட்டைப் பிரித்து ஒப்பிட்டேன். சிவப்புக் கோடு.

மாசிக் கடைசியில் மூன்றாம் முறை. அம்மா பேருந்துக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள், செருப்பு அறுந்துபோயிற்று, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பங்குனியில் நாலாம் முறை. அம்மா பேருந்திலேயே ஏறிவிட்டாள்! மணப்பாறை வரை மகளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்து, அங்கே இறங்கினாள்.

பவளம் டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடியேய், இப்படியே போனா இன்னும் ரெண்டு மாசத்துல உங்கம்மா இந்த மாடிக்கே வந்துரும் போலிருக்கே. ஏற்கெனவே எடம் இல்ல. நான் எங்கடி படுக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். ரோஷிணியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அன்று அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் படுத்தாளாம். பவளம் மறுநாள் என்னிடம் சொன்னார்: "அதைச் சொல்ற அன்னிக்கெல்லாம் ரெண்டு இட்லி கூடச் சாப்பிடுறா ஐயா. படுத்துத் தூங்குறா. கவனிச்சீங்களா?" கவனிக்கவில்லை. தூக்கத்துக்குப் பதிவேட்டில் இடம் கிடையாது.

எனக்கு என்ன கவலை என்றால், தம்பி, அந்தச் சமயத்தில் அவளுக்காக ஒரு மனு தயாராகிக்கொண்டிருந்தது. பள்ளிச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற வேண்டும். மாற்றினால்தான் செவிலியர் உதவியாளர் படிப்பில் சேர முடியும். அது அவளுடைய ஆசை. விசாரணைக்கு அழைத்து அதிகாரி ஒரு கேள்வி கேட்டு, இவள் நாலு விதமாகப் பதில் சொன்னால் மனுவின் நம்பகத்தன்மை என்ன ஆவது? பவளத்திடம் சொன்னேன். அவர் அந்தப் படிவத்தை வாங்கி, விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"இதுல அவுங்கம்மா எங்க நின்னாங்கன்னு எழுதுறதுக்குக் கட்டமே இல்லியே ஐயா?"

கட்டம் இல்லைதான். ஆனால் நாலில் மூன்று பொய் என்று தெரிந்த பிறகு ஒரு மனிதன் எப்படிச் சும்மா இருப்பான்? சித்திரை பிறந்ததும் நான் அந்த ஊருக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்கள்.

வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்தத் தாய் கூடத்தில் உட்கார்ந்து முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தார். கடைகளுக்குப் போடுகிறார் போலும். நான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்பதை முறையாகச் சொன்னேன். கை நிற்கவில்லை. துணியின் மேல் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. தலை நிமிராமலே பேசினார்.

"அவரு புடிச்சு வெளிய தள்ளினாரு. கதவைத் தாழ்ப்பாள் போட்டது நான்தான். தட்டுச்சு. ரொம்ப நேரம் தட்டுச்சு. அம்மா அம்மான்னுச்சு. நான் இங்கயே உக்காந்து முறுக்கு சுத்திக்கிட்டு இருந்தேன். ஜன்னல் கிட்டக்கூடப் போகல. எழுதிக்கங்க. எனக்கென்ன."

எழுதினேன். படித்துக் காட்டினேன். மாவுக் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தெளிவான வாக்குமூலம், ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வாசல் படி இறங்கிய பிறகு பின்னாலேயே வந்து, "முடி நீளமா வளத்திருக்காளா?" என்று கேட்டார். ஆமாம், தோளுக்குக் கீழே வருகிறது என்றேன். "சின்னதுலயே அதுக்கு அடர்த்தி ஜாஸ்தி. சிக்கு எடுக்கத் தெரியாது. யாராச்சும் எடுத்து விடுறாங்களா?" என்றார். அதற்குள் என் பேருந்து வந்துவிட்டது.

இல்லை, அதை எழுதவில்லை. கையெழுத்துக்குப் பிறகு சொல்வது வாக்குமூலத்தில் சேராது. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அது நடைமுறை, தம்பி.

அவளிடமா? இல்லை. அவளிடமும் சொல்லவில்லை. பதிவில் இல்லாததை எப்படிச் சொல்வது என்று... சொல்லத் தோன்றவில்லை. நீங்கள் கேட்கும்வரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் நாலு மணிக்கு அவளை மேசைக்கு அழைத்தேன். மற்றப் பிள்ளைகளும் இருந்தார்கள். ரகசியமாகச் செய்ய இதில் என்ன இருக்கிறது? உண்மை தெரிந்துவிட்டால் மனம் தெளிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கடவுள் சாட்சியாக அப்படித்தான் நினைத்தேன். தாயின் வாக்குமூலத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். தாழ்ப்பாள், தட்டியது, முறுக்கு, எல்லாம். அவள் நின்றுகொண்டே கேட்டாள். அழவில்லை. அதன் கீழே 'படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். ஒரு பிழை இல்லை, அழகான கையெழுத்து. தேதி போடச் சொன்னேன். போட்டாள்.

பவளம் கீழே கடையிலிருந்து ஏறி வந்தார். "என்னத்தை வாசிச்சீங்க? ஏன் புள்ளைங்க எல்லாம் இப்படி நிக்குது?" நான் தாளை நீட்டினேன். படித்தார். தாளை மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"அவளுக்குத் தெரியாதுன்னா ஐயா நெனச்சீங்க? கதவைத் தட்டுனது அவ கை ஐயா."

தெரியும் என்றால் பிறகு ஏன் மாற்றி மாற்றிச் சொன்னாள் என்று நான் கேட்டேன். நியாயமான கேள்விதானே?  இன்றுவரை யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம்கூடக் கேட்டேன். "அது அவளுடைய கதை சார், அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று பார்த்திருக்க வேண்டும்" என்றார். நான் பார்த்ததெல்லாம் மாறுபாடுகளை மட்டுமே. அதற்குத்தான் எனக்குப் பயிற்சி.

அதன் பிறகு அவள் அந்தக் கதையைச் சொல்லவில்லை. எந்தக் கதையையும் சொல்லவில்லை. மறுபடி செருப்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆலோசகர் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. பவளம் அவரைத் தொலைபேசியில் அழைத்து, மறுநாளே வருவதாகச் சொல்ல வைத்தார். அந்த மறுநாளுக்குள் ரோஷிணி போய்விட்டாள்.

நடுப்பகல். சித்திரை வெயில், தார்ச்சாலை இளகிக் கிடந்தது. வானத்தில் துணுக்கு மேகம் கிடையாது. பிள்ளைகள் நாலா பக்கமும் ஓடினார்கள். பவளம் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, வெறுங்காலோடு பேருந்து நிலையத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது இரண்டு பாதமும் கொப்பளித்திருந்தன. நானா? நான் மேசையில் இருந்தேன். ஒருவர் எழுத வேண்டும் அல்லவா? காவல் நிலையத்தில் கேட்டால் நேரம் சொல்ல வேண்டும். 'பிற்பகல் 2.10. காப்பகத்தில் இல்லை என அறியப்பட்டது. உயரம் ஐந்தடி நாலு அங்குலம். பச்சைச் சுடிதார்.' எழுதி முடித்து, ஒப்பமிட்டு, மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தேன். படியேறி வந்த பவளம் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு சொம்பு தண்ணீரை எடுத்துத் தம் காலில் ஊற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலை, காவிரிப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தவளை ஒரு போக்குவரத்துக் காவலர் பார்த்திருக்கிறார். நல்ல மனிதர். கூச்சல் போடவில்லை, கூட்டம் கூட்டவில்லை. பக்கத்தில் போய், "டீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாராம். அவள் இறங்கி வந்துவிட்டாள். அவர்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். பவளம் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு...

சரி. விடுங்கள்.

பவளம் தினமும் காலையில் இட்லி கொண்டுவருகிறார். அவரை மட்டும் தலையசைத்து உள்ளே விடுகிறாள். சாப்பிடுகிறாள், ஆனால் பேச்சு இல்லை. அவர் அவளுடைய முடியைச் சீவிப் பின்னிவிட்டு வந்துவிடுகிறார். போன வாரம் என்னிடம் வந்து சொன்னார்:

"நீங்களும் போங்க ஐயா. அவ உங்களை வெறுக்கல. பயப்படுறா. போயி உக்காருங்க. பேனா கொண்டு போகாதீங்க."

"போய் என்ன பேசுவது?"

"ஒண்ணும் பேச வேணாம்."

"எதுவும் கேட்காமல் எப்படி உட்கார்ந்திருப்பது?"

"இத்தனை வயசுக்கு இதைக் கூடவா நான் சொல்லித் தரணும்?" என்று சொல்லிவிட்டு, அவரே என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டார்.

உங்களிடம் சொன்னால் என்ன, தம்பி. என் மனைவி பக்கத்து வீட்டாரிடம் எதையாவது ஆசையாகச் சொல்லத் தொடங்குவார். "போன வியாழக்கிழமை கோயிலுக்குப் போனோமே..." நான் உள்ளேயிருந்தபடி, "வியாழன் அல்ல, புதன்" என்பேன். "நாலு பேர் இருந்தாங்க" என்றால், "மூன்று பேர்" என்பேன். கடைசிக் காலத்தில் அவர் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. வாய் ஓய்ந்துவிட்டது, வயதாகிவிட்டது என்று நினைத்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் மகனும் தொலைபேசியில், "நல்லா இருக்கேன்பா, வெச்சிடுறேன்" என்கிறான். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் நான் பொய் எழுதவில்லையே, தம்பி? முப்பத்தோராண்டில் ஒரு பொய் எழுதியவன் அல்லன். அந்தத் தாய் சொன்னதைத் தாய் சொன்னபடி எழுதினேன். எழுதியதை எழுதியபடி படித்தேன். இதில் குற்றம் எந்த வரியில் இருக்கிறது? ஆறு நாளாக இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வரிவரியாகத் தேடிப் பார்க்கிறேன். எனக்கு அகப்படவில்லை. உங்களுக்கு அகப்பட்டதா?

சொல்லுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

கதவு திறக்கிறது. எழுந்திருங்கள், உங்கள் தங்கையைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பையை மறந்துவிடாதீர்கள். இல்லை, சற்று இருங்கள். வார்டு அம்மா இந்தப் பக்கம்தான் வருகிறார்.

"ரோஷிணிக்கு வந்திருக்கிறது யாருங்க?"

"நான்தானம்மா. அருணகிரி."

"வாங்க, வாங்க. உங்களை வரச் சொல்லுது. நேத்து சாயங்காலம்தான் வாயைத் தொறந்துச்சு. டாக்டரம்மா கிட்ட ரொம்ப நேரம் பேசுச்சு. அப்புறம் செருப்பை எல்லாம் கழட்டிப் போட்டுட்டுக் காலை நீட்டிப் படுத்துத் தூங்குச்சு. ஏங்க, நீங்க அதுக்குப் பெரியப்பாவாமே? ஆறு நாளா வர்றீங்க, ஒரு வார்த்தை சொல்லல?"

"பெரியப்பா என்றா சொன்னாள்?"

"ஆமாங்க. அது காணாமப் போன அன்னிக்குக் கொட்டுற மழையில, குடை கூட இல்லாம, பஸ் ஸ்டாண்டு பூராவும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே தேடினீங்களாமே. அது ஒரு பஸ்ஸுக்குள்ள ஒளிஞ்சு உக்காந்து உங்களையே பாத்துக்கிட்டு இருந்துச்சாம். டாக்டரம்மா எழுதிக்கூட வெச்சிருக்காங்க. இந்த வயசுல அப்படி நனையலாமாங்கய்யா? நெசமாவே அவ்வளவு மழையா?"

"ஆமாம்மா. நல்ல மழை. முழுக்க நனைந்துவிட்டேன்."